போர்டில் ஒட்டிய தகடு

ஞானபாக்கியத்தைப் பற்றி ராசபாளையத்து மில்லுக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். சொல்லும்போதே குரல் இறங்கிவிடும். அதில் பாதி புளுகு. மீதிப் பாதியை அவளே தன் வாயால் ஒத்துக்கொண்டாள். எதற்காக ஒத்துக்கொண்டாள் என்று மட்டும் ஒரு புண்ணியவானும் கேட்டதில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன், செத்த நேரம் பொறுமையாக் கேளுங்க.

பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அப்பா ஐயாதுரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். அம்மா இவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஏசுசாமியைக் கும்பிடுகிற வேதக்காரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வராமல் அந்த வீட்டில் அடுப்புப் பற்றாது. கணக்குப் பாடத்தில் பி.எஸ்ஸி. முடித்து, மதுரையில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவளை, எண்பத்தெட்டில் ராசபாளையத்து நூல் மில்லு ஒன்றில் வேலைக்கு எடுத்தார்கள். எந்த மில்லு என்று கேட்காதீர்கள், நான் சொல்லமாட்டேன்.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ரூமைப் பார்த்திருக்கிறீர்களா? மில்லுக்குள்ளே எல்லா இடமும் பஞ்சும் வேக்காடுமாக இருக்கும். இது மட்டும் ஏ.சி. போட்டு, கண்ணாடிக் கதவு வைத்து, உள்ளே போகிறவன் மானேஜராகவே இருந்தாலும் செருப்பை வெளியில் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தூசி ஆகாது என்பதுதான் காரணம். ஆனால் செருப்பைக் கழற்றச் சொன்னால் நம்ம சனங்கள் என்ன நினைக்கும்? ஷிப்டு முடிந்து போகிற பெண்டுகள் அந்தக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகும். பாக்கியத்துக்குச் சிரிப்பு அடங்காது. எல்லாரும் அவளைப் பாக்கியம் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

சனிக்கிழமைதோறும் அவள் செய்ய வேண்டிய வேலை, அடுத்த வாரம் யாருக்கு எந்த ஷிப்டு என்று அச்சடித்துக் கொடுப்பது. கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு வரி இருக்கும். முதலில் டோக்கன், பிறகு பேர், பிறகு ஷிப்டு. டோக்கனில் டிபார்ட்மெண்டுக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்து, அதன் பின்னால் நம்பர். ஸ்பின்னிங் என்றால் எஸ். டோக்கன் வரிசைப்படி எல்லாரையும் அடுக்கி பிரிண்டர் கரகரவென்று கக்கும். டைம் ஆபீஸ் கிளார்க் கண்ணுச்சாமி அதைக் கிழித்துக்கொண்டு போய் மில்லு கேட்டுக்குப் பக்கத்துப் போர்டில் ஒட்டுவார்.

பேரெல்லாம் இங்கிலீஷில், பெரிய எழுத்தில் இருக்கும். மில்லில் முக்கால்வாசிப் பேருக்கு இங்கிலீஷ் தெரியாது. நம்பரைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை, சங்கிலிப்பாண்டியைத் தவிர.

சங்கிலிப்பாண்டி ஸ்பின்னிங்கில் சைடு பார்க்கிறவன். அறுந்த நூலை ஓடி ஓடி ஒட்டுகிற வேலை. சொந்த ஊர் தேவதானம். முன்கோபி, வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள். சனிக்கிழமை தவறாமல் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் வந்து நிற்பான்.

"நம்பரைப் பாத்து வந்து நிக்கதுக்கு நான் என்ன செயில்லயா இருக்கேன்? எங்க அப்பன் ஆத்தா ஒரு பேரு வச்சிருக்காக. அதை நான் வாசிக்கணுமா வேண்டாமா, தங்கச்சி?"

"இந்த மிஷினுக்குத் தமிழ் தெரியாதுண்ணே."

"தமிழ் தெரியாத மிஷினுக்கு எதுக்கு ஏசி? தூக்கி வெயில்ல வைங்க."

இவன் பேச்சை யூனியன்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். தொண்ணூற்றிரண்டில் மானேஜர் மெட்ராசிலிருந்து ஒரு கார்டு வாங்கிக் கொடுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, கம்ப்யூட்டருக்குள்ளே சொருகினால் தமிழ் எழுத்து வரும். பாக்கியத்துக்குத் தலைகால் புரியவில்லை. மொத்தப் பேரையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு பேரை மட்டும் அடித்து வெள்ளோட்டம் பார்ப்போம் என்று நினைத்தாள். யார் பேரை அடித்திருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய வரியை எடுத்துவிட்டு அவன் டோக்கனையும் பேரையும் புதிதாக அடித்தாள். அந்தச் சனிக்கிழமை நூற்றுக்கணக்கான இங்கிலீஷ் பேருக்குக் கீழே, எல்லாருக்கும் கடைசியில், சங்கிலிப்பாண்டி என்று தமிழில் வந்தது. ஸ்பின்னிங் ஆட்களோடு வராமல் ஏன் கடைசியில் போய் விழுந்தது என்று அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. வந்ததை வந்த வழியே அனுப்பிவிட்டாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாமெல்லாம் எத்தனை காரியத்தை விட்டிருக்கிறோம், அப்படித்தான்.

சங்கிலிப்பாண்டி போர்டின் முன்னால் நின்று விரல் வைத்து வாசித்தான். "கடைசியில கெடந்தா என்ன? என் பேருல்லா கெடக்கு" என்று போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் காட்டினான். வாரம் முடிந்ததும் அந்தத் தாளைக் கண்ணுச்சாமியிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

மற்றப் பேர்களை மாற்றுவதற்குள் பாக்கியம் மஞ்சள் காமாலையில் படுத்தாள். ஐப்பசி மாதம். ஒரு சாயங்காலம் மேற்கே மலையில் பிடித்த மழை இடியும் மின்னலுமாக இறங்கி வந்து மில்லில் நாலைந்து மோட்டாரைக் காவு வாங்கிவிட்டது. கம்ப்யூட்டர் பிழைத்தது. அந்தத் தமிழ்க் கார்டு கருகிப்போனது. பாக்கியம் இல்லாததால் கண்ணுச்சாமிதான் ஷிப்டு லிஸ்ட் எடுக்க வேண்டும். அவர் பிரிண்டரில் வந்ததை வந்தபடி ஒட்டுகிற மனுசன். அவரைக் கோபித்துப் பயனில்லை.

காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் போர்டைப் பார்த்தார்கள். எல்லார் பேரும் வழக்கம்போல இருக்கிறது. கடைசி வரியில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் என்னவோ கிடக்கிறது. கட்டத்தின் மூலைகள். மேலும் கீழும் கால் நீட்டிய கோடுகள். இடையிடையே கறுப்பாக அடைத்த கட்டைகள். நடுவில் சின்ன வட்டம், அந்த வட்டத்தை மேலிருந்து கீழாகக் குத்திக்கொண்டு ஒரு கோடு. அப்படி வட்டமும் குத்துமாக மூன்று இடத்தில் இருந்தது.

நம்ம பக்கத்தில் சின்னப்பிள்ளைக்குக்கூட அது என்னவென்று தெரியும். ஆகாதவன் ஒருத்தனை முடக்க வேண்டுமென்றால் செப்புத் தகட்டில் கட்டம் போட்டு, கோடு இழுத்து, அவன் நடக்கிற வழியில் புதைப்பார்கள். இங்கே பேர் இருந்த இடத்தில் தகடு இருக்கிறது. பக்கத்தில் சங்கிலிப்பாண்டியின் டோக்கன் நம்பர், நூற்றிப் பதினாலு. கூட்டம் கூடியது. சங்கிலிப்பாண்டி வந்ததும் எல்லாரும் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டார்கள்.

அவனுக்கும் அண்ணன்காரனுக்கும் ஊரில் கிணற்றுப் பங்கில் தகராறு. "நீ எப்படி நடமாடுதேன்னு பாக்கேன்" என்று அந்த அண்ணன் சித்திரையில் நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றியிருந்தான். அதுவரை சங்கிலிப்பாண்டி அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. போர்டைப் பார்த்த பிறகு நினைத்தான். அன்றைக்கு அவன் சைடில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கை நடுங்குகிறவன் சைடில் நூல் அறாமல் என்ன செய்யும், ஆனால் அதை யார் போய் அவனிடம் சொல்வது? வீட்டுக்குப் போய்ப் படுத்தான். அடுத்த வாரமும் போர்டில் அதுவே வந்தது என்று கேள்விப்பட்டதும் சோறு இறங்கவில்லை.

காமாலை தெளிந்து வேலைக்கு வந்த பாக்கியத்திடம் கண்ணுச்சாமி இதைச் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "கார்டு போச்சுன்னா எழுத்து அப்படித்தான் வரும். இதுக்கா பட்டினி கெடக்காரு?" என்றாள். கையோடு சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். பெரிய எழுத்து எஸ் போட்டு நூற்றிப் பதினாலு என்று தேடினாள். அப்படி யாரும் இல்லை என்றது. அவன் பேரை இங்கிலீஷில் அடித்துத் தேடினாள். இல்லை என்றது. தமிழில் தேடலாமென்றால் தமிழ் அடிக்க வழியில்லை. லிஸ்ட் எடுத்த பிறகு கண்ணுச்சாமி எதையோ தட்டி வரியையே அழித்துவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு, பெரிய எழுத்தில் சங்கிலிப்பாண்டிக்கு ஒரு புது வரி போட்டாள். இனி வாரம் வாரம் சரியாக வரும் என்று அவன் வீட்டுக்கும் சொல்லி அனுப்பினாள்.

சொல்லி அனுப்பியிருக்கவே வேண்டாம். பெண்டாட்டி சண்முகத்தாய் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து போர்டின் முன்னால் நிறுத்தினாள். நூற்றிப் பதினாலு ஸ்பின்னிங் ஆட்களோடு சேர்ந்து இருந்தது. பக்கத்தில் நின்றவன், "இந்தா உன் பேருதான்ப்பா" என்று வாசித்துச் சொன்னான். சண்முகத்தாய்க்கு உயிர் வந்தது. அவன் மட்டும் கடைசித் தாளுக்கு நகர்ந்தான். அங்கே கீழே, எல்லாருக்கும் கடைசியில், நூற்றிப் பதினாலும் அந்தக் கட்டமும் அப்படியே இருந்தது.

"நான் ஒருத்தன்தானடி" என்றான். "அது யாரு?"

அதற்குப் பிறகு அவன் பச்சைத் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை.

பாக்கியம் அன்றைக்குத்தான் பயந்தாள். ஃபைலை முதல் வரியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் இருந்தது. டோக்கனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். அவன் வரியில் இருந்தது சின்ன எழுத்து எஸ். தமிழ் அடிக்க ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அதை அமுக்கினால் பெரிய எழுத்து விட்டுப்போகும். இங்கிலீஷுக்குத் திரும்பி டோக்கனை அடிக்கையில் அவள் அதைக் கவனிக்கவில்லை. நமக்கு அது பெரிதாக எழுதினாலும் சின்னதாக எழுதினாலும் ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ரெண்டும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெரிய எழுத்துக்காரர்கள் அத்தனை பேரும் வந்து முடிந்த பிறகுதான் சின்ன எழுத்தைக் கூப்பிடும். அதனால்தான் அவன் முதல் நாளிலிருந்தே கடைசியில் கிடந்தான். பெரிய எழுத்தில் தேடியபோது அப்படி ஒரு ஆளே இல்லை என்று அது சத்தியம் செய்ததும் அதனால்தான்.

பேருக்கு நேர்ந்தது வேறு. கம்ப்யூட்டருக்குள்ளே எழுத்து என்று எதுவும் கிடையாது, நம்பர்தான். இந்த நம்பருக்கு இந்தத் தமிழ் எழுத்து என்று உருவம் கொடுத்தது அந்தக் கார்டு. கார்டு போனதும் கம்ப்யூட்டர் அதே நம்பர்களுக்குத் தன்னிடம் இருந்த உருவத்தைப் போட்டது. அதனிடம் இருந்தது கட்டமும் கோடும். புள்ளி வைத்த எழுத்து வருகிற இடத்தில் எல்லாம் அந்தக் குத்துப்பட்ட வட்டம். யாரும் எதையும் வைக்கவில்லை. இதை அவனுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவான் என்று அவள் நம்பினாள். படித்த பிள்ளை அல்லவா, அப்படித்தான் நம்பும்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பஸ் ஏறித் தேவதானம் போனாள். சங்கிலிப்பாண்டி கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். அவள் பார்த்த ஆளில் பாதிதான் இருந்தான். தலைமாட்டில், குறி சொல்லிச் செய்வினை எடுக்கிற கான்சாபுரத்துக் கோடாங்கி மொக்கைச்சாமி உட்கார்ந்திருந்தார். பாக்கியம் தாளில் எழுதிக் காட்டி, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கார்டு, நம்பர் என்று எல்லாவற்றையும் விளக்கினாள். அவன் கேட்டுக்கொண்டே கிடந்தான்.

"அப்போ உள்ளுக்குள்ள இருக்கது என் பேரு இல்ல. வெறும் நம்பரு. அதுதான தங்கச்சி?" என்றான்.

"ஆமாண்ணே."

"அதைத்தான தகடு வைக்கிறவுகளும் செய்வாக. பேரை நம்பராக்கிக் கட்டத்துல அடைப்பாக."

யோசிக்க யோசிக்கப் பாக்கியத்துக்கு அவன் சொன்னதில் தப்புத் தெரியவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதன்முதலாக அவளுக்கு முதுகு சில்லிட்டது.

கோடாங்கி நிதானமான மனுசன், மிரட்டுகிற பேச்செல்லாம் இல்லை. "தாயி, நீ சொல்லுத சாத்திரம் எனக்குத் தெரியாது" என்றார். "இவனுக்கு நான் சொல்லிருக்கது ஒண்ணுதான். பூமிக்குள்ள வச்சிருந்தா தோண்டி எடுத்திருவேன். இது மிஷினுக்குள்ள இருக்கு. இவன் கண்ணு முன்னால எடுக்கணும். வச்ச கைதான் எடுக்கணும். வச்சவுக வாய்விட்டுச் சொல்லி எடுத்தா இவன் சோறு திம்பான். இல்லேன்னா இந்த வாரம் தாண்டாது."

சண்முகத்தாய் பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை விடவேயில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியெல்லாம் அவளுக்கு அந்த வரியாகவே தெரிந்தது. வீட்டில் சாப்பிட முடியவில்லை. அப்பாவிடம் சொன்னாள். ஐயாதுரை, "இதெல்லாம் நமக்கு ஆகாது பாப்பா. பாவம் அது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் செத்துப்போனா அதைவிடப் பாவம்" என்றும் அவரே சொன்னார்.

மறுநாள் மானேஜரிடம் கேட்டாள். மனுசன் குதிகுதியென்று குதித்தார். பிறகு யூனியன் ஆட்கள் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் முடித்துத் தொலை என்றார். சங்கிலிப்பாண்டியை ஒரு வாடகைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். கோடாங்கி, சண்முகத்தாய், அவன், மூன்று பேரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே மில்லே திரண்டு நின்றது.

பாக்கியம் ஃபைலைத் திறந்து கடைசி வரியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கறுப்புத் திரையில் பச்சையாக அந்தக் கட்டங்கள் எரிந்தன. சங்கிலிப்பாண்டி அதையே பார்த்தான். தாளில் பார்த்ததைவிட அது உயிரோடு இருப்பது போலத் தெரிந்திருக்கும்.

"யாரு வச்சது?" என்று கோடாங்கி கேட்டார். கேள்வி அவளைப் பார்த்துத்தான்.

கார்டு போனதால் வந்தது என்று சொல்லலாம். கண்ணுச்சாமி கவனிக்கவில்லை என்று சொல்லலாம். இடி என்றும் சொல்லலாம், எல்லாம் உண்மை. அவள் சங்கிலிப்பாண்டியின் கழுத்து எலும்பைப் பார்த்தாள்.

"நான்தான்" என்றாள்.

"சத்தமாச் சொல்லு தாயி."

"நான்தான் வச்சேன். நானே எடுக்கேன்."

கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. அவள் அந்த வரியை அழித்தாள். அழித்தாலும் உள்ளே ஓரமாகக் கிடக்கும் என்பதால் ஃபைலையே துடைத்துச் சுருக்கினாள். திரையில் இப்போது கடைசியில் இருந்தது வேறு யாரோ ஒருத்தர். சங்கிலிப்பாண்டி பெருமூச்சு விட்டான். வாசலுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தண்ணீர் வேண்டும் என்றான். பெண்டாட்டி கொண்டுவந்த கஞ்சியை அங்கேயே ஒரு சொட்டு விடாமல் குடித்தான். அதைப் பார்த்துப் பாக்கியம் அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள், அதில் சந்தேகமில்லை.

தை பிறப்பதற்குள் அவன் வேலைக்கு வந்துவிட்டான். போர்டில் தன் பேர் எந்த எழுத்திலும் வேண்டாம், நம்பர் மட்டும் போதும் என்று சொல்லி அனுப்பினான். அப்படியே செய்தாள். தங்கச்சி என்று வாசலில் வந்து நிற்கிற வழக்கம் நின்றது. எதிரே அவள் வந்தால் பஞ்சு மூட்டைக்குப் பின்னால் ஒதுங்கி, அவள் போன பிறகு போவான்.

மில்லும் அப்படித்தான் ஆனது. அவள் குடித்த டம்ளரைக் கேண்டீனில் தனியாக வைத்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிறவள் இவளைக் கண்டால் பிள்ளை முகத்தை முந்தானையால் மூடுவாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ரெண்டு சம்பந்தம் வீடு வரை வந்து, மில்லில் விசாரித்துவிட்டு, அப்படியே போனது. வேதக்காரப் பிள்ளை தகடு வைக்குமா என்று கேட்க அவள் போகிற கோயில் சபையில்கூட ஒரு நாதி இல்லை. இதைவிடக் கொடுமை, பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்டுகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க வீட்டுக்காரரு ஒருத்திகிட்ட போறாரு. அவளுக்கு ஒண்ணு வச்சுத் தாரியா தாயி?" என்று காதோடு கேட்டார்கள். அவள் முதலில் கோபப்பட்டாள். பிறகு கோபப்படவும் அலுத்துவிட்டது. அவன் உயிரோடு நடமாடுகிறான் அல்லவா என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். ஷிப்டு விடும்போது கண்ணாடி வழியே அந்த நடையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மிச்ச வேலையைப் பார்ப்பாள்.

அப்படியே மூன்று வருசம் போனது. தொண்ணூற்றைந்தில் கம்ப்யூட்டரின் உள்டிஸ்க் ஒரேயடியாகப் போய்விட்டது. ஃபிளாப்பியில் எடுத்து வைத்திருந்த நகல்களிலும் பாதி பூஞ்சை பிடித்துக் கிடந்தது. ஹெட் ஆபீஸ் அலமாரியில் பத்திரமாக இருந்த பழைய செட்டு ஒன்றுதான் படிக்க வந்தது. அதை ஏற்றி, இடையில் சேர்ந்தவர்களையும் நின்றவர்களையும் கையால் திருத்தி, முதல் லிஸ்டை அச்சடித்தாள். தாள் மடிந்து மடிந்து இறங்கியது. கடைசித் தாளைக் கிழிக்கப் போனவள் கை அப்படியே நின்றது.

அந்த நகல் தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் கண்ணுச்சாமி எடுத்தது. அவன் அதில் அப்படியே இருந்தான். கட்டம், கோடு, கறுப்புக் கட்டை, குத்துப்பட்ட வட்டம்.

ரூமில் அவளைத் தவிர யாருமில்லை. தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் பையில் போட்டாள். அந்த வரியை எடுத்துத் துடைத்துவிட்டு, பெரிய எழுத்தில் அவன் நம்பரை மட்டும் புதிதாகப் போட்டாள். ரெண்டு தடவை முதலிலிருந்து கடைசி வரை தேடிப் பார்த்தாள், சின்ன எழுத்திலும் பெரிய எழுத்திலும். சுத்தமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அதோடு காரியம் முடிந்தது. ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம்.

அவளால் உட்கார முடியவில்லை. இது வெறும் நம்பர் என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த ஊரில் யாருமில்லை. இருந்தாலும் அவன் இப்போது நிற்கிறானா, விழுந்துவிட்டானா என்று ஒரே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. ஏசுவே ஏசுவே என்று சொல்லிக்கொண்டே ஸ்பின்னிங்குக்கு நடந்தாள். மூன்று வருசத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே கிடையாது.

மிஷின் இரைச்சலில் அங்கே யார் பேச்சும் காதில் விழாது. தலைமுடியெல்லாம் பஞ்சாக, அவன் தன் சைடில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தான். கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பிவிடலாம் என்று நினைக்கும்போது அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

பார்த்தவன் இந்தத் தடவை ஒதுங்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிட்டே வந்தான். காதுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டான்.

"திரும்ப வந்துட்டுதா தங்கச்சி?"

"இல்லண்ணே. சும்மாதான் வந்தேன்" என்றாள். சொன்ன வேகத்திலேயே அது பொய் என்று தெரிந்தது.

அவன் தலையை ஆட்டினான். கோபப்படவில்லை. அறுந்து கிடந்த நூலை ஒட்டி முடித்தான். பக்கத்து ஆளைத் தட்டிச் சைடைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். கையைத் துடைத்துக்கொண்டு, ஷிப்டு முடிய எம்புட்டோ நேரம் இருக்கும்போதே கேட்டைத் தாண்டிப் போனான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்ததில் வீடு பூட்டியிருக்கிறது என்றார்கள்.

பாக்கியம் தேவதானத்துக்குப் போனாள். ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்துவிட்டேன், நீங்கள் வாருங்கள் என்று காலைப் பிடித்தாவது சொல்லிவிட வேண்டும் என்று போனாள். பூட்டு அப்படியே தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி கருத்தம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் விளையாடிய பேத்தியை இழுத்து வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் இவள் பக்கம் திரும்பினாள்.

"அவுக எங்க போயிருக்காகன்னு யாருக்கும் தெரியாது. சட்டி பானைகூட எடுக்கல, ராவோடு ராவாப் போயிட்டாக" என்றாள். "அவன் சாகக்கெடந்தப்பதான் எடுத்து விட்டியே. பொழச்சு, ரெண்டு பிள்ளைகளோட நல்லாத்தான இருந்தான். பொறவும் ஏன் தாயி மில்லுல அவனைத் தேடிப் போன?"

பாக்கியம் சாயங்காலம் வரை அந்தப் பூட்டின் முன்னாலேயே நின்றுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.